அளவு பிளவுஸ் இல்லாமல் வந்தவள்

நளினி: அளவே இல்லாம எப்படிக்கா தைக்கிறது? காத்துக்கா தைக்கச் சொல்றீங்க?

வந்தவள்: ஒரு குத்துமதிப்பா வச்சு...

நளினி: குத்துமதிப்பா லாங்சிர், சன்னல் திரை தைக்கலாம். அதோ பாருங்க, மேல் ரோட்டு ஓட்டலுக்கு நாப்பது சன்னலுக்கு லாங்சிர் தச்சு மடிச்சு வச்சிருக்கேன். அர இன்ச் கூடக்கொறைய இருந்தாலும் சன்னல் வாயத் தெறந்து கேக்காது. பிளவுஸு அப்படியா லா?

வந்தவள்: பொண்ணு... நடுத்தரமா இருக்கும்.

நளினி: யாரு கண்ணுக்கு நடுத்தரம்? உங்களுக்கா, எனக்கா? ஒரு பழைய பிளவுஸ் கொண்டாங்கக்கா. கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்ல. அளவு பிளவுஸ் ஒண்ணு இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு வெட்டிருவேன். இந்த பிரிஞ்சாங் டவுன்ல யார வேணா கேட்டுப் பாருங்க.

வந்தவள்: கேட்டுட்டுத்தான் வந்தேன். அளவு பிளவுஸ் கெடைக்காது மா.

நளினி: அப்ப பொண்ண ஒரு எட்டு கூட்டிட்டு வாங்க.

வந்தவள்: அதுவும் முடியாது.

நளினி: என்ன லா இது... சூசாவா இருக்கே, பெரிய கஷ்டம். சரி, கொண்டாந்த சேலைய சேலையாவே குடுத்துருங்க. சேலைக்கு அளவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிளவுஸ் துணிய அதுல இருந்து வெட்டாம விட்டுட்டா, அவங்களே தச்சுக்குவாங்க.

வந்தவள்: துணியாக் குடுத்தா பெட்டியில கெடக்கும். தச்சுக் குடுத்தா... ஒரு தடவையாவது போட்டுப் பாக்கத் தோணும்ல.

நளினி: அப்பன்னா இதப் பாருங்க. புதுசா வந்திருக்கு, ரெடிமேட். இழுவை பிளவுஸ். கொக்கி கெடையாது, டாட் மடிப்பு கெடையாது. டீ சட்டை மாதிரி தலைவழியா மாட்ட வேண்டியதுதான். ஒல்லியா இருந்தா ஒல்லிக்கு, குண்டா இருந்தா குண்டுக்கு. இழுத்தா வரும், விட்டா சுருங்கும். யாரு போட்டாலும் ஏறிக்கும்.

வந்தவள்: அதான் வேணாங்கிறேன்.

நளினி: ஏன்க்கா?

வந்தவள்: யாரு போட்டாலும் ஏறும்ல. இது ஒருத்திக்கு மட்டும்தான் ஏறணும். வேற யாரு போட்டாலும் கைய தூக்க முடியக்கூடாது.

நளினி: அம்மாடியோ. என்ன வைராக்கியம்!... சரி, தொட்டுத்தான் பாருங்களேன். நல்ல துணிதான்.

வந்தவள்: தொட்டுட்டேன். இன்டர்லாக் இது. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலவே இருக்கு பாருங்க, உள்பக்கம் எதுன்னே தெரியாது. ஆனா கண்ணிய தளர்த்தி விட்டிருக்கான். நூல மிச்சம் புடிக்கிறானாம். நாலு தொவைக்குத் தாங்காது, தொளதொளன்னு ஆயிரும்.

நளினி: அட! வெரல் பட்டதுமே சொல்றீங்க. பனியன் கடை வச்சிருக்கீங்களா?

வந்தவள்: மில்லு. பத்து பகாட்ல. பத்தொம்பது வருசமா பின்னல் துணிதான்.

நளினி: பத்து பகாட்டா! ஜோகூர்ல இருந்தா வர்றீங்க? ஒரு பிளவுஸ் தைக்கவா?

வந்தவள்: ...சும்மா, ஸ்ட்ராபெரி பாக்க வந்தேன்.

நளினி: ஆமா ஆமா. சேலைய பையில வச்சுக்கிட்டு ஸ்ட்ராபெரி பாக்க வந்தீங்க. உக்காருங்க. மழை வேற புடிச்சுக்கிச்சு. பேரு என்னக்கா, ரசீதுல போடணும்.

வந்தவள்: தைக்க ஒத்துக்கிட்டீங்களா?

நளினி: பேரக் கேட்டேன். ஒத்துக்கிட்டேன்னு சொல்லல.

வந்தவள்: தங்கம்மா... தங்கம்மான்னு போட்டுக்குங்க.

நளினி: தங்கம்மா. ம்... பழைய பேரா இருக்கு.

வந்தவள்: பாட்டி பேரு வச்சாங்க.

நளினி: அந்த மில்லுல எப்படிக்கா துணி செய்றாங்க? நானும் முப்பது வருசமா துணியோட கெடக்குறேன், பின்னல் துணி எப்படிப் பொறக்குதுன்னு பாத்ததேயில்ல. தறி மாதிரியா?

வந்தவள்: தறியெல்லாம் இல்ல. தறியில ரெண்டு நூலு வேணும்ல, நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு. எங்களுக்கு ஒரே நூலு போதும். மெஷின் வட்டமா இருக்கும், கோயில் அண்டா கணக்கா. சுத்தி ரெண்டாயிரம் ஊசிக்கு மேல. ஒவ்வொரு ஊசியும் நூல ஒரு வளையமா இழுக்கும், முந்தின வளையத்துக்குள்ள நுழைக்கும். துணி குழாய் மாதிரி கீழ எறங்கிக்கிட்டே இருக்கும்.

நளினி: ரெண்டாயிரம் ஊசி! எனக்கு ஒரு ஊசியக் கோக்கவே இப்பல்லாம் கண்ணாடி வேணும்.

வந்தவள்: அதுல ஒரு ஊசி மொனை ஒடஞ்சா போச்சு. கண்ணி நழுவிரும். மேலேருந்து கீழ வரைக்கும் ஏணி மாதிரி ஓடிரும். மொதல் வருசம் நான் தூங்கிட்டேன் ஒரு நாள்... முழிச்சுப் பாத்தா ஒரு சுருட்டு துணி முழுக்க ஒத்தக் கோடு.

நளினி: அதுக்குத்தான் நான் பனியன் துணிய கையில தொடுறதில்ல. கத்தரி பட்டா ஓரம் சுருட்டிக்கும். தைக்கிறப்ப நெளியும், நேர்கோடு நிக்காது. தறித்துணி மரியாத தெரிஞ்ச துணிக்கா. வெட்டுன எடத்துல நிக்கும். ஒரு நூலு அறுந்தா பக்கத்து நூலு தாங்கிக்கும்.

வந்தவள்: ஆனா ஓரம் பிசிறுமே.

நளினி: பிசிறும். அதுக்கு ஓவர்லாக் போட்டா முடிஞ்சு போச்சு. பின்னல் துணியில பிசிறு இல்ல, ஆனா நம்ப முடியாது.

வந்தவள்: ஏன், உங்க தறித்துணி மட்டும் என்ன? கொஞ்சம் அசஞ்சா அக்குள்ல புடிக்கும். உக்காந்து எந்திரிச்சா கசங்கிரும். எங்க துணி உடம்பு கேட்ட எடத்துல குடுக்கும். கைய நீட்டுனா நீளும், மடக்குனா வந்துரும்.

நளினி: அப்புறம் ஏன்க்கா பட்டுச் சேலையத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தீங்க? ஒங்க மில்லுலயே ஒரு சட்டைய பின்னிக் கொண்டாந்திருக்க வேண்டியதுதானே!

வந்தவள்: ...தெரியல மா. பத்தொம்பது வருசமா யாரு போட்டாலும் ஏறுற துணியே செஞ்சாச்சு. எந்தக் கடைக்குப் போவும், யாரு போடுவா, ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு தடவ... அளவெடுத்து.

நளினி: யாருக்குக்கா?

வந்தவள்: சேலை என்னோடது இல்ல.

நளினி: பின்ன?

வந்தவள்: எங்க மில்லுல ஒருத்தி. கூட வேல செய்றவ. அவ மகளுக்கு. அந்தப் பொண்ணு இங்கதான் எங்கேயோ... இந்த மலையிலதான் வளந்துச்சாம். தஞ்சோங் மாலிம்ல படிச்சு முடிச்சிருச்சாம். அடுத்த மாசம் கொன்வோ, பட்டம் குடுக்குறாங்களாம்.

நளினி: டீச்சரா?

வந்தவள்: ஆமா, டீச்சர். அன்னிக்கு கட்டிக்கட்டும்னுதான்.

நளினி: கொன்வோவுக்கா? மேல கறுப்பு அங்கி, ஜூபா போட்டு மூடிருவாங்களே. பிளவுஸு யாரு கண்ணுல படப்போவுது?

வந்தவள்: கண்ணுல பட வேணாம். உள்ள இருந்தாப் போதும்.

நளினி: உள்ள இருந்தாப் போதுமா...

வந்தவள்: என்ன மா?

நளினி: ஒண்ணுமில்ல. அந்தம்மா ஏன் வரல?

வந்தவள்: லீவு கெடைக்கல.

நளினி: ஒரு நாளு லீவுமா?

வந்தவள்: கெடைக்கல மா.

நளினி: சரி... மகளுக்கு வேற யாரு இருக்கா?

வந்தவள்: வளத்தவங்க இருக்காங்க. அப்பா மறு கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.

நளினி: அப்ப அந்த வளத்தவகிட்ட அளவு கேட்டாப் போச்சு. ஒரு ஃபோனு.

வந்தவள்: எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேப்பா?

நளினி: ம்.

வந்தவள்: நீங்களா இருந்தா சொல்லுவீங்களா? இருவது வருசம் கழிச்சு ஒருத்தி ஃபோன் பண்ணி, எம்மகளுக்கு நெஞ்சு எத்தன இன்ச்சுன்னு கேட்டா?

நளினி: ...எந்திரிங்க.

வந்தவள்: போவச் சொல்றீங்களா?

நளினி: எந்திரிங்கன்னேன். அந்தம்மா உங்க ஒசரம் இருப்பாங்களா?

வந்தவள்: ...ஏறக்குறைய எம்மாதிரிதான்.

நளினி: தாய் உடம்பு மகளுக்கு வரும். பூரா வராட்டியும் எலும்பு வரும். உங்கள அளக்குறேன். கைய தூக்குங்க. ரொம்பத் தூக்க வேணாம், பொம்மை மாதிரி நிக்காதீங்க, மூச்சு விடுங்க... முப்பத்தெட்டு. முப்பத்தி நாலுன்னு போடுறேன்.

வந்தவள்: நாலு இன்ச்சு கொறச்சா? அவ்வளவு ஒல்லியாவா இருக்கு?

நளினி: இந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படித்தான்.

வந்தவள்: ஒழுங்கா சாப்புடுதா?

நளினி: யாரு?

வந்தவள்: ...இந்தக் காலத்துப் பொண்ணுங்க.

நளினி: சாப்புடும். மீன் கொழம்பு வச்சா சாப்புடும். கத்திரிக்காய் போட்டா ஓரமா ஒதுக்கி வச்சிரும்... பொதுவா சொல்றேன்.

வந்தவள்: பொதுவா.

நளினி: கையைக் காட்டுங்க. ஒம்போது. பத்தரை போடுறேன். கை நீளமா இருக்கணும். முழங்கைய ஒட்டி வந்தாத்தான் கூச்சப்படாம இருக்கும். கழுத்து ரொம்ப எறக்க வேணாம், எறக்கினா நாள் பூரா முந்தானைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே...

வந்தவள்: சொல்லுங்க.

நளினி: என்ன?

வந்தவள்: இன்னும் சொல்லுங்க. நிறுத்தாதீங்க மா.

நளினி: ...ஃபோன் அடிக்குது. இருங்க... சொல்லு ரூபி. ம்... ம்... ஜூபா கெடச்சிருச்சா? நீளமா இருந்தா இருக்கட்டும், கொண்டா, மடிச்சுத் தச்சுக்கலாம்... அப்பா ஃபேக்டரிக்குப் போயிட்டாரு, ரெண்டாவது ஷிப்டு. நீ சாப்புட்டியா?... கஸ்டமர் இருக்காங்கம்மா. ம்... ஜோகூர்ல இருந்து. சாந்தரம் கூப்புடுறேன். சளி மருந்த குடி. வச்சிரு... எம்மக.

வந்தவள்: ம். கொரலு... கொஞ்சம் கேட்டுச்சு. கனத்த கொரலா இருக்கு.

நளினி: சளி புடிச்சிருக்கு. இல்லாட்டி நல்லா இருக்கும்.

வந்தவள்: இல்ல, நல்லாத்தான் இருக்கு.

நளினி: டீ போடுறேன். மழை விடாது போல. நம்ம மலை டீ தான், ஃபேக்டரி தூளு. அவரு கொண்டாருவாரு.

வந்தவள்: வேணாம் மா...

நளினி: குடிங்க. கை சில்லுன்னு இருக்கு உங்களுக்கு... அந்தம்மாவப் பத்திச் சொல்லுங்க. உங்க கூட்டாளி. ஏன் விட்டுட்டுப் போனாங்க?

வந்தவள்: அது எதுக்கு இப்ப?

நளினி: யாருக்குத் தைக்கிறேன்னு தெரிஞ்சுக்க வேணாமா?

வந்தவள்: நல்ல காரணம் ஒண்ணுமில்ல. புருசன் அடிச்சான், மாமியா கொடும பண்ணா, அப்படியெல்லாம் இருந்தா சொல்றதுக்குச் சுலபமா இருக்கும். அவரு நல்லவரு. வாய் தெறந்து பேச மாட்டாரு, அவ்வளவுதான். எஸ்டேட்டு லயத்து வீட்டுல ஒத்தையா கெடந்தா. கதவத் தெறந்தா டீச்செடி, சன்னலத் தெறந்தா டீச்செடி. இருவத்தஞ்சு வயசு. திரிங்காப்ல இருந்து கோசு, தக்காளி ஏத்திக்கிட்டு ஜோகூருக்குப் போற லோரிக்காரன் ஒருத்தன்... நெறையப் பேசுவான். சிரிக்க வைப்பான்.

நளினி: ம்.

வந்தவள்: ஒரு நாள் லோரியில ஏறிட்டா. புள்ளைக்கு மூணு வயசு. பக்கத்து வீட்டுல வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. கூப்புடல. கூப்புட்டிருந்தா கால கட்டிக்கும், அப்புறம் போவ முடியாதுன்னு... கூப்புடல.

நளினி: அந்த லோரிக்காரன்?

வந்தவள்: பத்து மாசம். அப்புறம் அவனுக்கு வேற ரூட்டு கெடச்சிருச்சு. இவ மில்லுல சேந்துட்டா. தங்குறதுக்கு எடம் குடுத்தாங்க.

நளினி: திரும்பி வந்திருக்கலாம்ல.

வந்தவள்: வந்தா.

நளினி: வந்தாங்களா? எப்ப?

வந்தவள்: ரெண்டு வருசம் கழிச்சு. மாரியம்மன் திருவிழாவுக்கு. கும்பலோட கும்பலா முக்காடு போட்டுக்கிட்டு நின்னா. புள்ளைய ஒரு பொம்பள தோள்ல போட்டுக்கிட்டு நின்னுச்சு. புது கவுனு, பச்சக் கலரு, இடுப்புல பெரிய முடிச்சு. மேளம் அந்த அடி அடிக்குது, புள்ள அசையாம தூங்குது. எங்கிட்ட அப்படித் தூங்குனதே இல்ல அது... அவகிட்ட. அவகிட்ட தூங்குனதில்ல. அப்புறம் பஸ்ஸப் புடிச்சு தாப்பாவுக்கு எறங்கிட்டா. அவ்வளவுதான் கத.

நளினி: எனக்கும் ஒருத்தியத் தெரியும்.

வந்தவள்: யாரு?

நளினி: இங்கதான், எஸ்டேட்டு. தாய் விட்டுட்டுப் போன புள்ளைய வளத்தவ. அவ கதையும் இப்படித்தான், கொஞ்சம் வேற பக்கத்துல இருந்து.

வந்தவள்: சொல்லுங்க.

நளினி: கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, புள்ள கிட்டவே வரல. தையக்காரி பாருங்க, டேப்ப எடுத்துக்கிட்டு, வாடா கண்ணு கவுனு தைக்கலாம்னா... கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கும். வெளிய வராது. கைய நீட்டுனா கடிக்கும்.

வந்தவள்: கடிக்குமா!

நளினி: இப்பவும் தழும்பு இருக்கு... அவளுக்கு. சுண்டு வெரல்ல. ஒரு வாரம் பாத்தா. அப்புறம் புள்ள தூங்குனதுக்கு அப்புறம் மெதுவா டேப்ப வச்சு அளந்தா. மூச்சு விடாம. மறுநாளு பச்சக் கவுன மாட்டிவிட்டா, போட்டுக்கிச்சு. எப்படி என் அளவு தெரியும்னு பேயப் பாத்த மாதிரி பாத்துச்சாம். அன்னிக்குத் திருவிழா. அன்னிக்குத்தான் மொத தடவ தூக்க விட்டுச்சு... டீ ஆறுது.

வந்தவள்: குடிக்கிறேன்.

நளினி: ஆனா பயம் போவல அவளுக்கு. தாப்பா பஸ் வர்ற சத்தம் கேட்டா கைவேலைய விட்டுட்டு எட்டிப் பாப்பா. இன்னிக்கு வந்துருவாளோ, புள்ளையக் கேப்பாளோ. சட்டப்படி அவதானே தாய். பள்ளிக்கூடத்து பாரத்துல வருசா வருசம் தாய் பேருன்னு ஒரு கோடு இருக்கும். சூராட் பெரானாக்ல, பொறப்புப் பத்திரத்துல இருக்கிற பேரத்தான் எழுதணும். இவ கையால அந்தப் பேர எழுதிட்டு, கீழ இவ கையெழுத்தப் போடுவா. பதினோரு வருசம் எழுதியிருக்கா.

வந்தவள்: கோவம் வந்திருக்கும்.

நளினி: வராமயா? செத்துப் போயிருந்தா நிம்மதின்னுகூட ஒரு நாள் நெனச்சா. பாவம்தான். நெனச்சா... ஆனா புள்ளகிட்ட ஒரு வார்த்த தப்பா சொன்னதில்ல. ஆறாம் வகுப்புல இருக்கும். தலை பின்னிக்கிட்டு இருந்தேன், திடீர்னு, ம்மா, என்னப் பெத்தவங்களுக்கு என்னப் புடிக்குமான்னு கேட்டுச்சு. ரொம்பப் புடிக்கும்மா, ஆனா அவங்களுக்கு அவங்களயே புடிக்காமப் போச்சுன்னு சொன்னேன்.

வந்தவள்: ...நான்னு சொல்றீங்க.

நளினி: ம்?

வந்தவள்: பின்னிக்கிட்டு இருந்தேன்... சொன்னேன்...

நளினி: ஆமா. சொன்னேன்தான்... அழுவாதீங்க உமாக்கா. பட்டு மேல தண்ணி பட்டா கறை நிக்கும். துணிய இந்தப் பக்கம் குடுங்க.

வந்தவள்: பேரு... எம்பேரு தெரியுமா உங்களுக்கு?

நளினி: பதினோரு வருசம் எழுதுன பேரு, மறந்துருமா?

வந்தவள்: நானும் பொய் சொல்லிட்டேன் மா. நீங்க யாருன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இந்தக் கடைக்கு வந்தேன். புள்ள ஃபேஸ்புக்ல போட்டிருந்துச்சு, கடை வாசல்ல நின்னு, எங்கம்மா கடைன்னு. அந்தப் படத்தப் பாத்துத்தான் வழி கேட்டு வந்தேன். படத்துல ஜாக்கெட்டு போட்டு மூடியிருக்கு, உடம்பு எப்படி இருக்குன்னே தெரியல...

நளினி: அளவுக்கா வந்தீங்க?

வந்தவள்: அளவுக்குத்தான். சத்தியமா வேற எதுக்கும் இல்ல. எங்கயாவது ஒரு அளவு பிளவுஸ் தொங்குனா, இது மாதிரி தச்சுக் குடுங்கன்னு கேட்டுட்டு... புள்ளையக் கேக்க வரல மா. அந்த உரிம எனக்கு இல்ல.

நளினி: கேட்டாலும் குடுக்க மாட்டேன்.

வந்தவள்: தெரியும்.

நளினி: தச்சு வாங்கிட்டு என்ன பண்ணுறதா இருந்தீங்க? யாரு மூலமா குடுப்பீங்க?

வந்தவள்: ...அத யோசிக்கல.

நளினி: ஜோகூர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்து, அத யோசிக்கலயா?

வந்தவள்: தச்சத ஒரு தடவ கையில புடிச்சுப் பாக்கணும்னுதான் நெனச்சேன். இவ்வளவு அகலம், இவ்வளவு நீளம்னு. அதுக்கு மேல நெனைக்கல.

நளினி: லூசு லா நீங்க.

வந்தவள்: ஆமா.

நளினி: நான் தைக்கிறேன். லைனிங் நல்லதா போடுறேன், கைக்கு உள்மடிப்பு விட்டு வைக்கிறேன், நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரிச்சு விட்டுக்கலாம். நானே அவகிட்ட குடுக்குறேன். ஆனா ஒண்ணு. யாரு குடுத்ததுன்னு சொல்லித்தான் குடுப்பேன்.

வந்தவள்: வேணாம் மா! நீங்க வாங்குனதாவே இருக்கட்டும்.

நளினி: அப்படின்னா எடுத்துக்கிட்டுப் போங்க. எம்மககிட்ட நான் பொய் சொன்னதில்ல.

வந்தவள்: தெரிஞ்சா போட மாட்டா. தூக்கிப் போட்டுட்டா?

நளினி: போட்டா போடட்டும். இருவத்தி மூணு வயசு. போடுறதா வேணாமான்னு அவ சொல்லட்டும். நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்.

வந்தவள்: உங்களுக்கு பயமா இல்லயா?

நளினி: பயமாத்தான் இருக்கு. இதப் போட்டுக்கிட்டு உங்களத் தேடி வந்துட்டா என்ன பண்றதுன்னு இருக்கு... கொன்வோவுக்கு வீட்டுல இருந்து ரெண்டு பேருக்குத்தான் எடம். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. அத நான் விட்டுக் குடுக்க மாட்டேன்க்கா. இப்பவே சொல்லிட்டேன்.

வந்தவள்: நான் கேக்கவே இல்லையே மா.

நளினி: கேக்காதீங்க. மண்டபத்துக்குள்ளதான் ரெண்டு பேரு. வெளியில, மரத்தடியில, பூ விக்கிற பக்கமா... யாரு வேணா நிக்கலாம். அதுக்கு டிக்கெட் கெடையாது. அவ வேணாம்னு சொன்னா ஃபோன் பண்ணிருவேன். வராதீங்க. சரின்னு சொன்னா அதையும் சொல்றேன். நம்பர எழுதுங்க. தங்கம்மான்னு எழுதாதீங்க, உங்க பேர எழுதுங்க.

வந்தவள்: நம்பரச் சொல்றேன், நீங்களே எழுதிக்குங்க மா. எம்பேரு உங்களுக்குத்தானே பழக்கம்.

நளினி: அது சரி... மழை விட்டுருச்சு. நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு, வெரசாப் போனா புடிச்சிரலாம். குடைய மறந்துறாதீங்க.

வந்தவள்: ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? போயிட்டா மனசு கெடந்து அடிச்சுக்கும்.

நளினி: கேளுங்க.

வந்தவள்: எப்பத் தெரிஞ்சுச்சு, நாந்தான்னு? திருவிழாவச் சொல்றப்ப வாய் தவறுச்சே, அப்பவா?

நளினி: அதுக்கு முன்னாடி.

வந்தவள்: மில்லுல ஒருத்தின்னு ஆரம்பிச்சேனே...

நளினி: அதுக்கும் முன்னாடிக்கா. நீங்க கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தீங்கல்ல, வாயத் தெறக்குறதுக்கு முன்னாடியே. ரூபிக்கு எடது தோளு அர இன்ச் எறக்கம். பொறவியிலயே அப்படி. பதினெட்டு வருசமா கவுன்ல, ஸ்கூல் சட்டையில, பிளவுஸுல, எல்லாத்துலயும் அந்த அர இன்ச்ச நான்தான் பாத்துப் பாத்து வெட்டிக்கிட்டு இருக்கேன். யாரோட தோளுன்னு ஒரு நாளும் அவர்கிட்ட கேட்டதில்ல. இன்னிக்கு அதே தோளு வாசல்ல வந்து நின்னுச்சு... அளவு இல்லன்னு வேற சொல்லுச்சு.